பெட்டிக்குள் இருந்தவருக்கு நல்லடக்கம்

உம்மா பன்னீர்ச் செம்பைச் சரித்தார். நான் துடைத்தேன். கொல்லைப்புறம், கிணற்றடி ஓரமாகப் பாய் விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி போட்டு, அவரைக் கிடத்தியிருந்தோம்.

அவர் என்றால் முழு ஆள் இல்லை. ஒரு கை, ஒரு கால், ஒரு பக்கத்து விலா, முதுகெலும்பு ஒரு சரம், ஒரு மண்டை.

"ஒத்தக் கைதான்டி இருக்கு," என்று உம்மா மூக்கைச் சிந்தினார். "மறு கை எங்கன போச்சோ. யாரு பெத்த புள்ளையோ. சண்டையில செத்தவனா இருக்கும்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. முகம் தெரியாத அந்த மனிதருக்காக நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து மனதார அழுதோம். உம்மா சந்தனம் குழைத்துப் பூசினார். கற்பூரத்தைப் பொடித்துத் தூவினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று ஒரு நிம்மதி.

போன வாரம் கொழும்புக் கடைத்தெருவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் மகள் ஜெமீலா, "உம்மா, எலும்பு அடக்குனதை எழுதாம விட்டா நானே எழுதிருவேன்" என்று மிரட்டுகிறாள். அவள் எழுதினால் என்னை இன்னும் பைத்தியக்காரியாக்கிவிடுவாள். நானே எழுதிவிடுவது நல்லது.

கல் பார்த்த விரல்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குக் கீழக்கரை. எங்கள் பக்கம் அம்மாவை உம்மா, அப்பாவை வாப்பா, கணவரை மச்சான் என்போம். கல்யாணம் ஆனதும் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மாவும் நானும் ஒரே வீடு.

மச்சான் கொழும்பில் கல் பார்ப்பவர். நீலம், கெம்பு, வைடூரியம் எதுவானாலும் முதலாளி வாங்குமுன் இவர் கைக்கு வரும். பன்னிரண்டு வருஷம் அந்த வேலை. இவர் நல்ல கல் என்று சொன்னால் மறுபேச்சு கிடையாது என்று பெயர் எடுத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றார்.

நான் உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

இன்டர்மீடியட் நல்ல மார்க்கில் தேறியவர்தான். அவருடைய வாப்பா மவுத்தாகி, அடக்கம் முடிந்த கையோடு படிப்பை விட்டுக் கப்பல் ஏறியவர். ஆனால் அது எந்தக் காலம்! இப்போது முப்பத்து மூன்று வயது, காதோரம் நரை, ஒரு பெண் குழந்தை.

"ஏன் மச்சான், கல்லு வேலையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. ஆனா கடைக்குப் பக்கத்துல ஒரு டாக்டர் இருக்காரு. அவரு நாடி புடிக்கிறதை வேடிக்கை பாத்து நின்னா கடைக்குப் போகவே மறந்துருது. போன மாசம் மொதலாளி ஆள் விட்டுக் கூப்புட்டாரு."

அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். இன்றுவரை அதற்கு மேல் சொன்னதில்லை.

மதுரையில் மருத்துவக் கல்லூரி வந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. எப்படியோ இடம் கிடைத்தது. ஊர் சிரித்தது. "வாப்பாவும் மகளும் ஒரே வகுப்பாம்ல?" என்று கல்யாண வீட்டில் என் காதுபடவே கேட்டார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயப்படுவதற்கே நேரம் போதாது. ஐந்தாவது முடித்ததும் என் சிலேட்டை வாங்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். படிப்பு நின்ற இடத்தில் பயம் வளர ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். பஸ் கவிழுமோ, விடுதிச் சோறு ஒத்துக்கொள்ளாதோ, இங்கிலீஷ் மறந்திருக்குமோ, எல்லாவற்றுக்கும் பயந்தேன்.

கடைசியில் நான் பயப்படாத ஒன்று நடந்தது. முதல் பெரிய பரீட்சையில் அவர் தோற்றுவிட்டார். எழுத்தில் அல்ல, வாய்மொழியில்.

மறுபடி எழுத ஒரு வாய்ப்பு இருந்தது. அப்போது கொழும்புக்குப் போக அனுமதி, விசா என்று கெடுபிடி கூடிக்கொண்டிருந்தது. முதலாளி இவருடைய இடத்தை அந்த வருஷக் கடைசிவரை காலியாக வைத்திருந்தார். "இந்தத் தடவையும் போச்சுன்னா பேசாமக் கப்பல் ஏறிருவேன் மைமூன். அதுக்குப் பொறகு இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பச்சைத் தகரப் பெட்டி

முதல் பரீட்சைக்கு முன்பிருந்தே, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு பச்சைத் தகரப் பெட்டி கொண்டுவருவார். "என்ன மச்சான் இது?" என்றேன். "பாடம்," என்றார். பயந்தாங்கொள்ளியிடம் விளக்குவானேன் என்று நினைத்திருக்கிறார்.

தினமும் மச்சில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார். எனக்குக் கேட்பதெல்லாம் மந்திரம் போல் ஏதோ முணுமுணுப்பு.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஹால் டிக்கெட் விஷயமாக இரண்டு நாள் மதுரைக்குப் போனார். அழுக்குத் துணி ஏதும் கிடக்கிறதா என்று நான் பெட்டியைத் திறந்தேன்.

அவருடைய பழைய கைலியில் சுற்றி, மேலே மண்டை.

நான் போட்ட சத்தத்தில் உம்மா படியேறி ஓடி வந்தார். என்னைவிட உம்மா தைரியசாலி. உற்றுப் பார்த்தார். உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சூனியம்டி! மாப்பிள்ளை மேல கண்ணு வச்சு யாரோ பெட்டியில செத்த மையத்தை வச்சுக் குடுத்துருக்காக. அது பாட்டுக்குக் கெடக்கு. அவரும் அது மேலயே உக்காந்து படிச்சா எப்புடிப் பாஸாகும்?"

எனக்கு அது முழுக்க முழுக்கச் சரியாகப் பட்டது. இத்தனை மூளையுள்ள மனிதர் ஏன் தோற்றார் என்ற கேள்விக்கு அதுவரை எனக்குப் பதில் இல்லை. இப்போது கிடைத்துவிட்டது.

லெப்பையைக் கூப்பிட்டு விட்டோம். எங்கள் தெருப் பள்ளிவாசலில் அடக்க காரியங்களைப் பார்ப்பவர் அவர். முற்றத்தில் நின்றார். உம்மா கதவுக்குப் பின்னால்.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று லெப்பை கேட்டார்.

"தெரியல லெப்பை."

"நம்ம ஆளா, மத்தவகளா?"

"அது அதுல எழுதியா ஒட்டியிருக்கு?"

லெப்பை தாடியைத் தடவினார். "பேர் தெரியாது, ஊர் தெரியாது, முழு ஆளும் இல்ல. நான் எப்புடித் தொழ வைக்கிறது?"

"தொழ வேணாம். மண்ணுக்குள்ள வச்சு ஒரு துஆ கேளுங்க. பெட்டியில போட்டுப் பூட்டி வைக்கிறதுக்கா ஒரு தாய் பெத்தா?"

லெப்பை மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "மனுசன். அது மட்டும் நிச்சயம்," என்றார். "குளிப்பாட்டி வைங்க. சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பொறகு வாரேன்."

அதன்பிறகுதான் நான் முதலில் சொன்ன பன்னீரும் கற்பூரமும்.

"எங்க அவரு?"

மறுநாள் பிற்பகல் பஸ்ஸில் அவர் வந்தார். உற்சாகமாக இருந்தார். மதுரை மல்லிகைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தாவித் தாவி மச்சுக்கு ஏறினார். பூவை நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் மேலிருந்து குரல்.

"மைமூன், பெட்டியில இருந்ததெல்லாம் எங்க?"

"அடக்கியாச்சு மச்சான்."

"என்னத்தை அடக்கியாச்சு?"

"அவரைத்தான். மையவாடியில வேப்பமரத்துக்குக் கெழக்க. லெப்பை நல்லா துஆ கேட்டாரு. உங்களுக்கு வச்ச சூனியம் அதோட ஒழிஞ்சுச்சு."

அவர் இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "அது சூனியம் இல்ல மைமூன். அதுதான் எனக்குப் பாடம். போன தடவை எலும்புலதான் தோத்தேன். மொத வருசமே சீனியர் பையன்கிட்ட வாங்குனது. தடவித் தடவிப் படிக்கத்தான் இங்கயும் தூக்கிட்டு வந்தேன்," என்றார்.

கப்பல், கொழும்பு, காலியாக இருக்கும் அந்த நாற்காலி, எல்லாம் கண் முன்னே வந்தன. நானே அவரை வழியனுப்பிவிட்டேன்.

"குளிப்பாட்டுனீகளா?" என்று கேட்டார்.

"ம்."

"பன்னீர் தெளிச்சு?"

"ஒரு செம்பு."

"சந்தனம்?"

"உம்மா பூசுனாக."

அவருடைய வாயோரம் துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் சிரித்தார். படியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு வருசமா அந்த மனுசனைக் கைலியில சுத்தி பஸ்ல தூக்கிட்டு அலைஞ்சேன். நீங்கதான்டி அவருக்கு மரியாதை செஞ்சிருக்கீக."

"தோண்டி எடுத்துரலாமா மச்சான்?" என்றேன் தயங்கித் தயங்கி.

"கபரைத் தோண்டுறதா? வாயை மூடு."

வேறு எலும்புக்கு வழி இல்லை. பரீட்சை நெருங்கிய நேரத்தில் எந்த மாணவன் தன் எலும்பைக் கொடுப்பான்? அன்று மாலை அவர் கடற்கரைப் பக்கம் தனியாகக் கிளம்பினார். ஜெமீலாவைத் துணைக்கு அனுப்பினேன். கடலுக்கும் பயப்பட வேண்டியிருந்ததே.

ஓடாவி புரட்டிப் போட்ட பலகை

தோணி கட்டுகிற தச்சரை எங்கள் கரையில் ஓடாவி என்பார்கள். காத்தமுத்து ஓடாவி அப்போது கரையில் ஒரு புதுத் தோணி கட்டிக்கொண்டிருந்தார். மச்சான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

தோணியின் வயிற்றுக்கு உள்ளே இரண்டு பக்கமும் விலா மாதிரி வளைவுச் சட்டங்கள் வரும். ஓடாவி இடப்பக்கத்துச் சட்டத்தை ஒரு பலகையில் வைத்துச் சுற்றிக் கோடு கிழித்தார். பிறகு அதையே புரட்டிப் போட்டு வலப்பக்கத்துக்குக் கோடு கிழித்தார். இரண்டையும் ஜோடி சேர்த்துத் தூக்கிப் பார்த்தார்.

மச்சான் அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஜெமீலா மூச்சு வாங்க வந்தாள்.

"மைமூன், நான் ஏன் தோத்தேன்னு தெரிஞ்சு போச்சு! என் பெட்டியில இருந்தது இடது கை மட்டும். பரீட்சையில குடுத்தது வலது காறை எலும்பு, கழுத்தடியில இருந்து தோளுக்குப் போகுமே, அது. இடதைப் பாத்துப் பாத்துப் பழகினவன், கையில வாங்குனதும் இடதுன்னுட்டேன். ஜோடியை நான் பாத்ததே இல்ல!"

மறுநாள் காலையில் ஓடாவி எங்கள் முற்றத்தில் இருந்தார். முன்னால் மச்சானின் தடித்த புத்தகம், படம் போட்ட பக்கம் விரித்தபடி.

"தம்பி, சட்டையைக் கழத்துங்க," என்றார். மச்சானின் கழுத்தடியில் கட்டைவிரலை வைத்துத் தோள்வரை ஒரே இழுப்பு. பலகையில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "முன்னால ஒரு வளைவு, பின்னால ஒரு வளைவு. இது நம்ம வேலைதான். தோணிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"டாக்டரான பொறகு உங்களுக்கு ஊசி போட நான் காசு வாங்க மாட்டேன்."

"ஊசியே வேணாம்னு எழுதிக் குடுங்க, செய்யிறேன்."

பூவரசு மரத்தில் செதுக்கினார். காறை எலும்பு, தோள்பட்டை, மேல்கை, முன்கை, மணிக்கட்டில் மட்டும் எட்டு. எல்லாம் இடது ஒன்று, வலது ஒன்று. எங்கேயாவது சந்தேகம் வந்தால் புத்தகத்தை விட்டுவிட்டு, மச்சானின் கையை மடக்கி நீட்டிப் பார்ப்பார். நான்கு நாளில் கை முழுக்க முடிந்துவிட்டது.

"பரீட்சையில கால் எலும்பைக் கேட்டா?" என்று நான் மச்சானிடம் கேட்டேன். "கால் எனக்கு வரும்," என்றார். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் ஓடாவி என் நச்சரிப்பு தாங்காமல் முழங்கால் சில்லையும் ஒரு ஜோடி செய்து வைத்துவிட்டுப் போனார்.

கொல்லையில் வெயிலில் காயவைத்திருந்தபோது லெப்பை எட்டிப் பார்த்தார். "இது மரந்தானே? எனக்கு வேலை ஒண்ணும் இல்லையே?"

துண்டுக்குள் கை

கொழும்பில் கல் வியாபாரம் துண்டுக்குள் நடக்கும். இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. மச்சான் அந்தப் பழக்கத்தையே பாடத்துக்கும் கொண்டுவந்தார்.

நான் துண்டுக்குள் ஒரு மர எலும்பை வைப்பேன். அவர் கையை நுழைத்துத் தடவிச் சொல்லவேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் இங்கிலீஷ் பெயரையும் தமிழ் எழுத்தில் சீட்டு எழுதிக் கட்டியிருந்தேன். கிளாவிகிள். ஸ்கேபுலா. ஹ்யூமரஸ். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

இதற்கெல்லாம் உம்மா கதவுக்குப் பின்னால்தான். எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகனோடு நேரே பேசுவதில்லை. ஒன்பது வருஷமாக, ஒரே கூரையின் கீழ், "மாப்பிள்ளை சாப்புட வாராகளான்னு கேளு" என்று என் வழியாகத்தான் பேச்சு. எலும்பை அடக்கியது முதல் அந்தப் பேச்சும் குறைந்துபோயிருந்தது. குற்ற உணர்ச்சி.

ஒருநாள் மணிக்கட்டுச் சின்ன எலும்பு ஒன்றில் மச்சான் திணறிவிட்டார். புரட்டுகிறார், உருட்டுகிறார். "இடது" என்கிறார், "இல்ல, இல்ல" என்கிறார். நெற்றியில் வேர்வை.

"கட்டைவெரல் பக்கத்து மேடு எங்கன இருக்குன்னு பாருங்க மாப்ள!"

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "யா அல்லாஹ்" என்று உம்மா வாயைப் பொத்திக்கொள்வது கதவிடுக்கில் தெரிந்தது.

மச்சான் துண்டுக்குள் ஒரு தடவை விரலை ஓட்டினார். "வலது மாமி," என்றார்.

"அப்புடிச் சொல்லுங்க," என்றார் உம்மா.

அதற்குப் பிறகு என் வழியாகப் பேச்சு போவது நின்றுவிட்டது.

மோதிரம்

பரீட்சை அறையில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த வயதான பேராசிரியர். எதிரே தட்டில் எலும்புகள். ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இவர் வாங்கியதும், பழக்க தோஷம், பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டார்! கண்ணால் பார்க்கவே இல்லை. தடவிப் பார்த்து, "கிளாவிகிள். வலது," என்றார்.

அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் கைக்குட்டைக்குள்.

"என்னய்யா வித்தை இது?" என்று பேராசிரியர் கேட்டார். இவர் கொழும்புக் கதையைச் சொல்லியிருக்கிறார். உடனே பெரியவர் தன் விரலில் கிடந்த சிவப்புக்கல் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். "அப்படியானால் இதைப் பாரும். எப்படி?"

வாங்கிய மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வெறும் கண்ணாடி.

"என்ன சொன்னீக மச்சான்?" என்று கேட்டேன்.

"பரீட்சை முடிஞ்ச பொறகு சொல்லட்டுமா சார்னு கேட்டேன்."

"அவரு?"

"மோதிரத்தை வாங்கி மாட்டிக்கிட்டு அடுத்த பையனைக் கூப்புட்டாரு."

அவ்வளவுதான். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "நல்ல கல்லுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "கண்ணாடியைக் கெம்புன்னு சொல்றவன் நாளைக்கு நோயாளிக்கு என்னத்தைச் சொல்லுவான்?" என்பார். எனக்கு நோயாளி முக்கியமில்லை. அந்தப் பெரியவரின் மனைவி ஆசையாக வாங்கிக் கொடுத்த மோதிரமாக இருந்தால்? கோபத்தில் மார்க்கைக் குறைத்திருந்தால்? இதற்குள் கொழும்பிலிருந்து முதலாளியின் கடிதம் வேறு: எப்போது வருகிறாய்?

பலகையில் ஒட்டிய தாள்

முடிவு வந்துவிட்டது என்று தெரிந்ததும், "நானும் வாரேன்," என்றேன். அதுவரை நான் இராமநாதபுரம் தாண்டியதில்லை. "நீ வந்து என்ன பண்ணப் போற?" என்றார். "நம்பர் எனக்குத் தெரியும். நானே பாக்கணும்." அதற்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும்.

வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பஸ், ரயில், ஜட்கா என்று மாறிப் போய் இறங்கினேன். கல்லூரி வராந்தாவில் பலகை. அதில் தட்டச்சு அடித்த ஒரு தாள். சுற்றிலும் பிள்ளைகள். அவர்களுக்குள் இவர் ஒருவர்தான் காதோரம் வெளுத்தவர்.

எனக்கு வழிவிட்டார்கள். மேலிருந்து ஒவ்வொரு நம்பராக விரல் வைத்து வந்தேன். இருந்தது. திரும்ப மேலே போய் மறுபடி வந்தேன். இருந்தது. ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. தாளின் தலைப்பில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கிறது. இது தோற்றவர்களின் பட்டியலாக இருந்தால்?

"மச்சான், இது எந்த லிஸ்ட்டு?"

"பாஸ் லிஸ்ட்டுதான்."

அவரை எப்படி நம்புவது? அவர் சந்தோஷத்தில் இருந்தார். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு நின்ற ஒரு பெண்ணைக் கேட்டேன். "ஏம்மா, இது பாஸானவங்க நம்பர்தானே?"

"ஆமாம்மா," என்றாள் அந்தப் பெண். துப்பட்டிக்குள் என் முகம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது! "உங்க பையன் நம்பரும் இருக்கா?"

அந்நிய மனிதர்கள் நடுவே நான் அதுவரை வாய் திறந்து பேசியதே இல்லை. வீட்டில்கூட என் குரல் வாசல் தாண்டாது.

"பையன் இல்ல, என் வீட்டுக்காரரு!" என்றேன். "முப்பத்தஞ்சு வயசு. கொழும்புல கல்லு பாத்தாக. எல்லா எலும்பும் தெரியும், ரெண்டு பக்கமும்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மச்சான் என் துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். "மெதுவா மைமூன், மெதுவா."

நான் மெதுவாகச் சொல்லவில்லை.